குசினி வழியாக வந்த மறுப்பு

குணபூசணி டீச்சருக்கு மூடுபனியைக் கண்டால் ஆகாது. கோப்பாய் வெயிலில் பிறந்து வளர்ந்தவர். இறம்பொடைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், பழைய துரை பங்களா ஒன்றுக்குக் குடிவந்து வருஷங்கள் ஆன பிறகும் அந்தப் பனியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்மலை இருக்காது. மத்தியானம் கொஞ்சம் முகம் காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

"இதுக்குள்ள இருந்துகொண்டு வானத்தைப் படிப்பிக்கிறன் எண்டு ஊரில சொன்னால் சிரிப்பினம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்கத்தான் வேண்டும். வெள்ளி, அதாவது நட்சத்திரம், கண்ணில் படாத ஊரில் வானியல் ஆராய்ச்சிக்கு ஆள் பழக்கும் நிலையம் வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். டீச்சரிடம் அது தேவைக்கு அதிகமாகவே இருந்தது. பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்று கையை விரித்தார்கள். தோட்டக் கம்பனி இந்தப் பங்களாவைச் சும்மா பூட்டிப் போட்டிருந்தது. தொலைநோக்கி எப்படியும் இங்கே இல்லை, அது ஆபிரிக்காவில் ஒரு பாலைவனத்தில் இருக்கிறது, பிறகு நாங்கள் எங்கே இருந்து படித்தால் என்ன என்று கேட்டார்.  தொண்ணூறுகளின் கடைசியில் நிலையம் தொடங்கிவிட்டது.

அவர் சொல்லிக்கொடுத்தது காமாக் கதிர் வானியல். வானத்தின் எங்கோ ஒரு கோடியில் வெடித்துக் குமுறுகிற பொருள்களிலிருந்து புறப்பட்டு வரும் கதிர்கள், பூமியின் காற்றில் மோதும்போது கண் இமைப்பதற்குள் ஒரு நீல மினுக்கம் தோன்றி மறையும். பாலைவனத்தில் இருந்த பெரிய கண்ணாடிகள் அந்த மினுக்கத்தைப் பிடித்துக் கொடுக்கும். பிடித்ததெல்லாம் நாடாக்களில் பதிவாகிக் கண்டிக்கு வரும். கண்டியிலிருந்து மாணவர் யாராவது பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அதை வைத்துக்கொண்டு, வெளியே பனி சொட்ட, உள்ளே கம்பளிச் சட்டையோடு நாலைந்து பேர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார்கள்.

டீச்சர் கலாநிதி, அதற்கு மேலே பேராசிரியர். ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு அவர் டீச்சர்தான். அவருக்கும் அதில் குறை இல்லை.

இளம்வயதில் அவர் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தவர். அங்கே அவருடைய பேராசிரியர் கொண்டுபோனதையெல்லாம் பிழை என்று தள்ளுவார். குணபூசணி கோட்டு மாட்டும் அறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் மேசையில் கையால் அடித்து, "பிழை உங்களுடையது" என்று சொல்லிவிட்டார்.  கிழவர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். இன்றைக்குத்தான் நீ என் மாணவி என்றார். அந்த ஒரு கைகுலுக்கலை டீச்சர் ஆயுள் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தார். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிக் கற்பித்தபோதும் சரி, தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது ஒரு பையோடு கிளம்பி, ஹட்டனில் தபாலதிபராக இருந்த கணவர் தம்பிராசாவிடம் வந்து சேர்ந்தபோதும் சரி, அடுத்த வருஷமே கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து தனியாகிவிட்டபோதும் சரி, அது மட்டும் தொலையவில்லை.

அதனால் நிலையத்துக்கு வரும் எவருக்கும் முதல் நாளே ஒரு பிரசங்கம் உண்டு.

"என்னோட சண்டை பிடிக்காத ஆளுக்கு இஞ்ச பட்டம் இல்லை. நான் சொல்லுறது பிழை எண்டால் முகத்துக்கு நேர சொல்லவேணும். அதைப் பழக்கத்தான் நான் இருக்கிறன். மிச்சமெல்லாம் புத்தகத்தில கிடக்கு."

அவர் மனதார அதைச் சொன்னார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மறுத்துப் பேசினால் கோபிக்கிற ஆள் அவர் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மயூரதன் முதல் மாதமே எழும்பி, "மேடம், உந்தக் கணக்கு சரிவராது" என்றான். டீச்சருக்கு அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு.

சுதாகரன் மஸ்கெலியாவிலிருந்து வந்தவன். அப்பா அழகுமுத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா வீரம்மா கொழுந்து பறித்தார். குடியிருந்தது லயத்தில், சுவரோடு சுவராக வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒரு காம்பராவில். பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் முதல் வகுப்பு எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தபோது, டீச்சர் அவனுடைய பெறுபேற்றைப் பார்த்துவிட்டு மயூரதனிடம், "உம்மைவிடக் கெட்டிக்காரன் வந்திட்டான் காணும்" என்றார். அவனுடைய தோட்டத்திலிருந்து கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க வந்த ஆள் அவனுக்கு முன்னால் இல்லை. அந்தப் பட்டம் அவன் ஒருவனுடையதாக இருக்கப்போவதில்லை, தோட்டத்துக்கே சேரும் என்பது டீச்சருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் எல்லோரும் முன்னறையில் கூடுவார்கள். அவரவர் வேலையைச் சொல்ல வேண்டும், டீச்சர் கேள்வி கேட்பார், அடுத்த வாரத்துக்கு வேலை பிரிப்பார். சுதாகரன் சமையல்கட்டான குசினிக்குள் போய், அங்கே சமைக்கிற மீனம்மாவிடம், "அக்கா, இன்னைக்கு பெரட்டு, சீக்கிரம் தேத்தண்ணி குடுங்க" என்பான். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கண்டாக்கு என்ற மேற்பார்வையாளர் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் பெரட்டு என்று பேர். அந்தப் பகிடி எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. டீச்சரே, "பெரட்டுக்கு வாங்கோ" என்று கூப்பிடத் தொடங்கினார். பெரட்டில் கண்டாக்கு சொன்னதற்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை என்ற சங்கதி மட்டும் அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

சுதாகரனுக்குக் கொடுத்தது பார்வைக்குச் சின்ன வேலை. பெரிய கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கமரா இருந்தது. அது சில நட்சத்திரங்களின் ஒளியை விடாமல் அளந்துகொண்டே இருக்கும். அந்த ஒளி கூடிக் குறைவதை வைத்துக் காற்று எவ்வளவு தெளிவு என்று கணக்குப் பார்த்து, காமாக் கதிர் அளவுகளைத் திருத்துவார்கள். திருத்திய பிறகு நட்சத்திர அளவுகளை ஓரமாகத் தள்ளிவிட வேண்டியதுதான். மற்றவர்கள் தள்ளுவதை சுதாகரன் உட்கார்ந்து பார்த்தான். ஒரு நட்சத்திரம் துளியளவு மங்குவதும், கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆவதும், சில நாள் கழித்து அதே மாதிரி மங்குவதுமாக இருந்தது. தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள், அதாவது புறக்கோள்கள் பற்றிய பேச்சு அப்போதுதான் உலகமெங்கும் சூடுபிடித்திருந்த நேரம். தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே ஒரு கோள் போனால் இப்படித்தான் மங்கும் என்று எல்லோரும் படித்திருந்தார்கள். டீச்சரும்தான்.

அவன் அதை ஒரு தாளில் வரைந்து, திங்கட்கிழமை கொண்டுவந்து டீச்சர் முன்னால் வைத்தான். மேல் பாதியில் அந்த நட்சத்திரம். கீழ்ப் பாதியில் அதன் பக்கத்து நட்சத்திரங்கள், ஒன்றும் அசையாமல், நேர்கோடாக. வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை அந்த வாரம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. டீச்சர் மேல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

"உது முகில். மெல்லிசா ஒரு முகில் போயிருக்கும். இல்லாட்டி மூடுபனி. கழிச்சுப்போட்டு மிச்சத்தைப் பாரும்."

சுதாகரன் வாய் திறக்கவில்லை. டீச்சர் உண்மையாகவே ஒரு நிமிஷம் பேனாவை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். சண்டை பிடிக்கிறானா என்று பார்த்தார். அவன் தலையை ஆட்டிவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டான். சரி, அவனுக்கும் அது முகில்தான் என்று டீச்சர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

மீனம்மா டீச்சரிடம் பேச வந்தது அதற்குச் சில நாள் கழித்து.

மீனம்மா பங்களாவில் சமையலுக்கு இருந்தவர். பக்கத்துத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்து ஓய்வுபெற்ற மனுஷி, அங்கே தொழிற்சங்கத்தில் மாதர் தலைவியாகவும் இருந்தவர். குரல் கணீரென்று இருக்கும். டீச்சர் மேசையில் தலை நிமிராமல் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றார். வழக்கமாகத் தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். டீச்சர் அதைக் கவனிக்கவில்லை.

"டீச்சரம்மா, சுதாகரு தம்பி ஒரு சங்கதி சொல்லச் சொல்லிச்சுங்க."

"என்ன, சாப்பாட்டில ஏதும் குறையோ?"

"அதில்லீங்க. அந்த வெள்ளி மங்குதுன்னு தம்பி காட்டுச்சாமே. அது மேகத்தால இல்லீங்களாம். பனி வந்தா எல்லா காம்பராவையும்தான் மூடும், லயத்துல ஒரே ஒரு காம்பராவ மட்டும் மூடுமான்னு கேக்குது. பக்கத்து வெள்ளியெல்லாம் நல்லாத்தான் எரியுதாம். நீங்க இன்னொருக்கா பாக்கணும்னு..."

டீச்சர் பேனாவை மேசையில் போட்டார்.

"ஏன், அவருக்கு வாய் இல்லையோ?"

மீனம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "இருக்குங்க" என்றார்.

"அப்ப அவரை வந்து கதைக்கச் சொல்லுங்கோ. நீங்கள் போய் உலையைப் பாருங்கோ."

 மீனம்மா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சொன்ன வாதத்தில் டீச்சரின் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. குசினி வழியாகத் தனக்கு ஆள் அனுப்பியிருக்கிறான் என்பது மட்டும்தான் ஏறியது. கோட்டு மாட்டும் அறையில் அழுது அழுது தான் சம்பாதித்த தைரியத்தை இவன் சமைக்கிற மனுஷியின் முந்தானைக்குப் பின்னால் நின்று கேலி பண்ணுகிறான் என்று தோன்றிவிட்டது. கோபம் மூக்குக்கு மேல் ஏறினால் டீச்சருக்கு இறங்குவது கஷ்டம்.

திங்கட்கிழமை எல்லோர் முன்னிலையிலும் கொட்டித் தீர்த்தார்.

"இது ஆராய்ச்சி நிலையம், காணும். இஞ்ச தூது அனுப்பிற வழக்கம் இல்லை. தன்ர கண்டுபிடிப்புக்காக எழும்பி நிண்டு கதைக்க ஏலாத ஆள், நாளைக்குப் பரீட்சகர் முன்னால என்ன செய்வார்? அங்கயும் மீனம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாரோ?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சுதாகரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நட்சத்திர அளவுகளை டீச்சர் அவனிடமிருந்து எடுத்து மயூரதனிடம் கொடுத்தார். அந்த மங்கல்களையெல்லாம் கழித்துவிட்டு அறிக்கையை முடிக்கச் சொன்னார். சுதாகரனுக்கு நாடாக்களைச் சரிபார்த்து அடுக்கும் வேலை வந்தது.  தீபாவளிக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

டீச்சருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. நல்ல மூளை, முதுகெலும்புதான் இல்லை என்று மற்றவர்களிடம் சொன்னார். அப்படிச் சொல்வதில் ஒரு ஆறுதல் இருந்தது. மீனம்மா அதற்குப் பிறகு டீச்சரிடம் அரிசி, பருப்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. டீச்சர் அதையும் கவனிக்கவில்லை.

சில வருஷம் போயிற்று. மயூரதன் பட்டம் வாங்கிக் கண்டிப் பக்கம் விரிவுரையாளராகிவிட்டான். நிலையத்தில் லக்சனா என்ற புது மாணவி வந்து, தான் புறக்கோள் ஆராய்ச்சிதான் செய்வேன் என்று டீச்சரோடு சண்டை பிடித்து, வென்று, அதைத் தொடங்கியும் விட்டாள். ஒருநாள் மத்தியானம், மழைக்கு நனைந்துகொண்டு மயூரதன் படியேறி வந்தான். கையில் இன்டர்நெட்டில் எடுத்த ஒரு கட்டுரை. எங்கோ வெளிநாட்டில் ஒரு குழு, தெற்கு வானத்து நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்திருக்கிறது.

"மேடம், இந்த வெள்ளியைத் தெரியுதோ?"

டீச்சர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். தெரியவில்லை.

"எனக்குத் தெரியும். நான்தானே கழிச்சனான்" என்றான் மயூரதன். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "ஒவ்வொரு மங்கலாப் பார்த்துப் பார்த்துக் கழிச்சனான், மேடம். நீங்கள் சொன்னபடி."

பழைய நாடாக்களை இறக்கினார்கள். சுதாகரன் அடுக்கி வைத்த வரிசை குலையாமல் இருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. மயூரதன் அந்த நட்சத்திரத்தையும் பக்கத்து நட்சத்திரங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் போட்டான். ஒன்று மட்டும் மங்கி மீண்டது. மற்றவை நேர்கோடாக ஓடின.

அப்போதுதான் டீச்சரின் காதில் மீனம்மாவின் கணீர்க் குரல் கேட்டது. பனி வந்தால் எல்லாக் காம்பராவையும்தான் மூடும். வாதம் முழுக்க அதில் இருந்தது. இதைவிடச் சுருக்கமாக எந்தப் பரீட்சகருக்கும் சொல்ல முடியாது. டீச்சர் கதிரையில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மயூரதன் எழும்பி வெளியே போய் நின்றான்.

அடுத்த வாரமே ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து மஸ்கெலியா பஸ் ஏறினார். வெறுங்கையோடு போகவில்லை. வெளிநாட்டுக் குழுவிடம் இல்லாத ஒன்று சுதாகரனின் பழைய நாடாக்களில் இருந்தது. அவர்கள் பார்க்கத் தொடங்குவதற்கு வெகுமுன்பே எடுத்த அளவுகள். அவற்றைச் சேர்த்தால் அந்தக் கோள் சுற்றும் காலத்தை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம், வேறு கோள் பக்கத்தில் இருக்கிறதா என்றும் தேடலாம். ஒரு கலாநிதிப் பட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். அவனுடைய பதிவையும் நீட்டித்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகத்தில் விசாரித்து வைத்திருந்தார். கண்டுபிடித்தவன் என்ற பேர் போயிற்று. பட்டமாவது மிஞ்சட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

சுதாகரன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியராக இருந்தான். அம்மாவோடு அதே லயத்தில்தான் இருந்தான். டீச்சரைக் கண்டதும் பதறிப்போய் எழுந்து, "வாங்க மேடம், வாங்க" என்று கதிரையைத் துடைத்து லயத்து இஸ்தோப்பில் போட்டான். கூரை நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒடுக்கமான இடத்தில் மூன்று பேர் இருந்தால் நாலாவது ஆள் மழையில்தான் இருக்க வேண்டும். வீரம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் என்று தெரிந்ததும் அவர் முகம் இறுகியது, ஆனால் தட்டில் பிஸ்கட்டும் இருந்தது.

டீச்சர் பேச்சைத் தொடங்குவதற்குள், கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் பக்கத்து இஸ்தோப்புக்கு அழுதுகொண்டே வந்தாள். ராக்காயி என்று பேர். அங்கே இருந்த செல்லசாமி என்ற சங்கத் தலைவரிடம் மூச்சுவிடாமல் முறையிட்டாள்.

"கைப்புள்ளக்காரின்னு தெரிஞ்சே தூரத்து மலைக்குப் போட்டுட்டாருங்க கண்டாக்கையா. புள்ளக்கிப் பால் குடுக்க நான் எப்புடி வந்து போறது, தலைவரே?"

"நீ போ. நான் காலையில ஆபீசுக்குப் போய்ப் பேசுறேன்" என்றார் செல்லசாமி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "ஏன், அந்தப் பிள்ளை கண்டாக்கிட்ட நேரயே சொல்லேலாதோ? காலமை பெரட்டில அவர் முன்னாலதானே நிண்டிருப்பா?"

சுதாகரன் லேசாகச் சிரித்தான்.

"பெரட்டுல யாரும் பேச மாட்டாங்க மேடம். பேசினா வாய்க்காரின்னு பேராயிரும், நியாயம் அதோட போயிரும். பேசாம வேலைக்குப் போயிட்டு, அப்புறம் தலைவருகிட்ட சொல்லுவோம். அவரு போய்ப் பேசுவாரு. தலைவரு போயிட்டா அது சும்மா பேச்சில்ல. இந்த விசயத்த நாங்க வுடமாட்டோம்னு அர்த்தம்."

டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப அண்டைக்கு மீனம்மா..."

"அவங்க மாதர் தலைவியா இருந்தவங்க மேடம். தலைத்துண்ட அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, தோட்டத் தொரைகிட்டயே போய்ப் பேசினவங்க. நான் ரொம்ப யோசிச்சுத்தான் அவங்கள அனுப்புனேன்."

அவன் குற்றம் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னான். அதுதான் டீச்சரை அறுத்தது. கோழைத்தனம் என்று தான் எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப் போட்டது, அவன் தன் முறையில் மேசையில் கையால் அடித்ததை. தன் வாழ்நாளில் எதற்காகக் காத்திருந்தாரோ அது வந்து குசினி வாசலில் நின்றிருக்கிறது. போய் உலையைப் பார் என்று தான் விரட்டியிருக்கிறார். அன்று இங்கிலாந்தில் ஒரு கிழவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். இங்கே தனக்கு எழும்பத் தெரியவில்லை.

பிழை என்னுடையது என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தது. ஆனால் எதிரே வீரம்மா நின்றார், பக்கத்து இஸ்தோப்பில் தலைவர் இருந்தார், லயத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. முகத்துக்கு நேரே பேசு என்று ஆயுள் முழுக்கப் பிரசங்கம் பண்ணிய குணபூசணி டீச்சர், மூக்கை உறிஞ்சிவிட்டுப் பதிவு நீட்டிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பழைய அளவுகளைப் பற்றிச் சொன்னார். லக்சனா உதவி செய்வாள் என்றார். திரும்பி வந்தால் சீக்கிரமே முடித்துவிடலாம் என்றார். கண்டுபிடிப்பு வெளிநாட்டுக்குப் போனதைச் சொன்னபோது சுதாகரன், "பார்த்தேன் மேடம், பேப்பர்ல போட்டிருந்தாங்க" என்றான். 

"அப்ப வாறீர்தானே?"

அவன் குடையை எடுத்து விரித்தான். "பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு மேடம். இத விட்டா அடுத்தது கூட்டமா வரும்."

ரோட்டு வரைக்கும் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். ஜன்னல் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தான். பஸ் நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும்போது, டீச்சர் அவனுக்கு எந்த அறையைக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். முன்னறைக்குப் பக்கத்து அறையில் ஈரம் குறைவு. வந்து இறங்கியதும் மீனம்மாவிடம் அதைக் கூட்டிப் பெருக்கி வைக்கச் சொன்னார். ஜன்னல் சட்டத்துக்கு ஒருநாள் வந்திருந்த மயூரதனைக் கொண்டு புதுக் கண்ணாடி போடுவித்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கதிரை கூடுதலாகப் போட்டார். லக்சனா கேட்டபோது, "ஆள் வருது" என்றார்.

ஆள் வரவில்லை. பங்களாவுக்குக் கீழே கோயில் திருவிழா வந்து போயிற்று. ஒரு காலை நேரம், டீச்சர் மேசையில் இருந்தபோது குசினி வாசலில் நிழல் தட்டியது. மீனம்மா நின்றுகொண்டிருந்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார்.

இந்தத் தடவை டீச்சர் அதைக் கவனித்தார்.  பேனாவை மூடி வைத்தார். எழும்பிப் போய்க் கூடுதலாகக் கிடந்த கதிரையை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டார்.

"இருங்கோ மீனம்மா. இருந்து சொல்லுங்கோ."

மீனம்மா அந்த வீட்டில் அதுவரை கதிரையில் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"திருவிழாவுக்கு சுதாகரு தம்பி வந்திருந்துச்சுங்க. அது திரும்பி வரலீங்களாம், டீச்சரம்மா."

மேலே சொல்லுங்கோ என்று டீச்சர் தலையை ஆட்டினார்.

"கோவமெல்லாம் இல்லேன்னு சொல்லச் சொல்லிச்சு. பள்ளிக்கூடத்துல ஓ.எல். பரீட்ச எழுதுற புள்ளைங்க இருக்காங்களாம், நடுவுல வுட்டுட்டு வர முடியாதாம். அது ஒண்ணு. இன்னொண்ணு, அன்னைக்கு பேச்சு வாங்கின அந்த முன் ரூம்புல மறுபடி வந்து நிக்க அதுக்கு மனசு வரலயாம். பழைய கணக்கையெல்லாம் அந்த லக்சனா புள்ளைக்கே குடுத்துறச் சொல்லிச்சுங்க. அது நல்லா செய்யும்னு சொல்லிச்சு."

மறுத்துப் பேச டீச்சரிடம் வாதம் எத்தனையோ இருந்தது. ஓ.எல். பிள்ளைகளுக்கு வேறு ஆசிரியர் வருவார். அறை என்றால் மாற்றலாம். பட்டம் என்பது அவன் ஒருவனுக்கு மட்டுமா? ஒவ்வொன்றாக மனதுக்குள் வந்து, மீனம்மாவின் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று. தலைவி வந்துவிட்டார். இந்த விஷயத்தை அவன் விடமாட்டான் என்று அர்த்தம். டீச்சருக்கு இப்போது அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். கண் நிறைந்துவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

 ஒரு பக்கத்துச் சேதியைச் சொன்னால் மறுபக்கத்துப் பதிலையும் வாங்கிக்கொண்டு போவதுதான் மீனம்மா பழகிய முறை.

"ஞாயித்துக்கிழம மஸ்கெலியா பக்கம் போறேங்க. நீங்க ஏதாச்சும் சொல்லி அனுப்புறீங்களா?"

"அது முகில் இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார் டீச்சர். குரல் உடைந்தது. "பனி வந்தால் எல்லாக் காம்பராவையும்தான் மூடும் எண்டு சொல்லுங்கோ. பிழை என்னில எண்டு சொல்லுங்கோ. நான் அங்க வந்தும் சொல்லாமப் போனதையும் சொல்லுங்கோ."

மீனம்மா உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.

"இதத்தானே டீச்சரம்மா, அன்னைக்கு நான் வந்து சொன்னேன்?"

"ஓம், மீனம்மா" என்றார் குணபூசணி. "அண்டைக்கு நான் உங்களை இருக்கச் சொல்லேல்ல."